“மூளைதான் வாங்கச் சொல்லுது”: லாட்டரிக்கு அடிமையானவர் எவ்வளவு தூரம் பொறுப்பாளி?

கேள்வி இதுதான். பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் வீடு. கேட்டவரின் கொழுந்தனார் இளநீர் லோடு வண்டி ஓட்டுகிறார். பாலக்காட்டுப் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது எல்லையில் வண்டியை நிறுத்தி தினமும் நாலைந்து கேரள லாட்டரி டிக்கெட் வாங்குவது பழக்கம். ஏலச்சீட்டுக்குக் கட்டச் சொல்லி அண்ணி கொடுத்தனுப்பிய பணத்தையும் அதில் போட்டுவிட்டார். கேட்டால், “நாம முடிவு பண்றதுக்கு முன்னாலயே மூளை முடிவு பண்ணிப் போடுதுன்னு விஞ்ஞானியே கண்டுபுடிச்சுட்டாங்க. நான் என்னங்க அண்ணி பண்ணட்டும்?” என்கிறார். மாமியாரோ “அவன் தலையெழுத்து” என்று முடித்துவிடுகிறார். அவர்மேல் கோபப்படுவது நியாயமா, அவரால் வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா என்பது கேள்வி.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை வைக்கும் இடம் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும். டிக்கெட் கடை முன்னால் நிற்கிற இரண்டு நிமிடத்தில் அவர் ஓரளவுக்குத்தான் தன் வசம் இருக்கிறார். காலையில் உங்கள் பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தபோது முழுதாகத் தன் வசம் இருந்தார். பொறுப்பின் கனம் கடையில் குறைவு, காலையில் அதிகம்.

முதலில் அந்த விஞ்ஞானியைப் பார்த்துவிடுவோம். அவர் பெயர் பெஞ்சமின் லிபெட், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் இருந்தவர். 1983-ல் வெளியான சோதனை அது. ஆளை உட்கார வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, “எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை ஆட்டுங்கள்” என்றார்கள். எதிரே ஒரு கடிகாரம். அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுற்று ஓடும். ஆட்ட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று ஆள் பிறகு சொல்ல வேண்டும். கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிவிநாடிக்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. ஆட்கள் சொன்ன ‘எண்ணம் எழுந்த நேரம்’ அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. ஆக, எண்ணத்துக்கு முன்னாலேயே மூளை தயாராகிவிடுகிறது; முடிவெடுப்பது ‘நான்’ இல்லை என்று பலர் எழுதினார்கள். உங்கள் கொழுந்தனார் ஏதாவது ஒரு வீடியோவில் பார்த்தது இதைத்தான்.

இதில் மூன்று கோளாறு இருக்கிறது. மூன்றும் அவருடைய வாதத்தை நேராகத் தொடுபவை.

ஒன்று, அந்த மின் அலை எப்படிக் கிடைத்தது என்பது. ஒரே ஒரு அசைவில் அது இரைச்சலுக்குள் தெரியாது. ஒருவரே நாற்பது தடவை கையை ஆட்டிய பதிவுகளை எடுத்து, கை அசைந்த கணத்தில் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, பின்னோக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அப்படி எடுக்கும்போது, அலை ஏறியும் கை அசையாத வேளைகள் கணக்கில் வரவே வராது. 2012-ல் மூளை ஆய்வாளர் ஆரோன் ஷர்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னொரு விளக்கம் தந்தார்கள். மூளையின் மின்னளவு எப்போதும் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் ஆட்டலாம்’ என்று விட்டுவிட்டால், அது தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது. வரம்பைத் தொட்ட வேளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால், அந்த ஏற்றம் முன்கூட்டியே எடுத்த முடிவு போலத் தோன்றும். உண்மையில் அது முடிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டு, உங்கள் கொழுந்தனார் சொல்வதை லிபெட்டே சொல்லவில்லை. எண்ணம் எழுந்த பிறகும் அதைத் தடுக்க ஒரு சிறு இடைவெளி இருக்கிறது, அங்கே மனிதன் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும் என்பது அவர் கருத்து. 2016-ல் பெர்லினில் நடந்த இன்னொரு சோதனை அந்த இடைவெளியை அளந்தது. கணினி மூளையலையைப் பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட்டு ஆளைத் தடுக்கப் பார்க்கும். அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு வரை விளக்கு எரிந்தால் ஆட்களால் நிறுத்த முடிந்தது. அதற்குப் பிறகு முடியவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். மணிக்கட்டை ஆட்டுவதில் காரணம் எதுவும் கிடையாது. இப்போது ஆட்டினாலும் ஒன்றுதான், இரண்டு விநாடி கழித்து ஆட்டினாலும் ஒன்றுதான். 2019-ல் ஊரி மாஸ் குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டாலர் போக வேண்டும் என்று ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சுற்றில் எதை அமுக்கினாலும் இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும். இன்னொரு சுற்றில் தேர்ந்தெடுத்ததற்குத்தான் போகும். சும்மா அமுக்கிய வேளைகளில் லிபெட்டின் அலை வந்தது. யோசித்துத் தேர்ந்தெடுத்த வேளைகளில் அது தென்படவில்லை. ஆக, லிபெட் அளந்தது விளைவில்லாத விரலசைவை. அதை எடுத்து வந்து பணம் செலவழிக்கிற முடிவுக்குப் போர்த்துவது பொருந்தாது.

2008-ல் ஜெர்மனியில் ஜான்-டிலன் ஹெய்ன்ஸ் குழு, ஆள் இடது பொத்தானை அமுக்குவாரா வலது பொத்தானா என்பதை மூளைப்படம் வைத்து ஏழு முதல் பத்து விநாடி முன்பே கணித்தது என்றும் உங்கள் கொழுந்தனார் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் கணிப்பு சரியாக வந்தது ஏறத்தாழ 60 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும்.

இதெல்லாம் ஒரு விநாடிக் கணக்கு. அவருடைய கதையோ காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பணத்தை வாங்குகிறார், ஏலச்சீட்டுக்காரர் வீட்டு வழியாகப் போகாமல் நேராக லோடுக்குப் போகிறார், இறக்கிய பிறகு வந்த கூலியையும் அதே பையில் போடுகிறார், எல்லையில் டீ குடிக்க என்று நிறுத்துகிறார், கடைக்குப் போகிறார். இத்தனை படிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நேரம் கிடக்கிறது. அரை விநாடி அலையை வைத்து இவ்வளவையும் மூட முடியாது.

மாமியார் சொல்வது இதைவிடப் பழைய வாதம், இதைவிட வலுவான வாதமும்கூட. எல்லாம் முன்னாலேயே விதிக்கப்பட்டது, ஆள்வினை, அதாவது மனித முயற்சி, என்று ஒன்று இல்லை என்பதை ஒரு முழுத் தத்துவமாகவே சொன்னவர்கள் ஆசீவகர்கள் என்ற பழைய இந்தியத் துறவிகள். மற்கலி கோசாலன் வழி வந்தவர்கள். அவர்களோடு மகாவீரர் வாதிட்டதாக உவாசகதசாவோ என்ற சமண ஆகமத்தில் ஒரு பகுதி உண்டு. சத்தாலபுத்தன் என்ற குயவன் கோசாலனின் சீடன். இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். இல்லை, எல்லாம் நியதி, அதாவது விதி, என்கிறான். சரி, உன் வேலைக்காரன் ஒருவன் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தவறாக நடந்தாலோ என்ன செய்வாய்? திட்டுவேன், கட்டி வைத்து அடிப்பேன் என்கிறான். எல்லாம் நியதி என்றால் அவன் எதையும் செய்யவில்லையே, நீ ஏன் அடிக்கிறாய் என்பதே மகாவீரர் வைக்கும் மடக்கு.

இந்த மடக்கு, விதி இல்லை என்று நிரூபித்துவிடவில்லை. அது காட்டுவது வேறு: விதி என்று பேசுகிறவரும் அன்றாட வாழ்வில் அதை நம்பி நடப்பதில்லை. வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். லோடு இறக்குகிற இடத்தில் யாராவது இருபது காய் குறைத்து எண்ணினால் உங்கள் கொழுந்தனார் “அவன் மூளை முடிவு பண்ணிருச்சு” என்று விட்டுவிட்டு வருவாரா? அவர் சண்டைக்குத்தான் போவார். தனக்கு மட்டும் விதி, அடுத்தவருக்குப் பொறுப்பு என்றால் அது தத்துவம் ஆகாது. திருக்குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழ், 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. 380-ஆம் குறள் ஊழை விட வலியது எது என்று கேட்கிறது. 620-ஆம் குறள் சோராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது. ஒருவரே இரண்டையும் எழுதியிருக்கிறார். மாமியார் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கேலன் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1994-ல் வைத்த வாதத்துக்கு இதுவரை யாரும் எல்லோரும் ஏற்கும் பதில் சொல்லிவிடவில்லை. நீ இப்படி நடப்பது நீ இப்படிப்பட்டவன் என்பதால். நீ இப்படிப்பட்டவன் ஆனதற்கு நீயே பொறுப்பு என்றால், அதற்கு முன் உன்னை நீயே செய்திருக்க வேண்டும், அதற்கும் முன் ஒரு நீ வேண்டும், முடிவே இல்லை. அடி வரைக்கும் போய்ப் பார்த்தால் யாரும் தன்னைத் தானே படைத்துக்கொண்டவர் இல்லை என்பது சரிதான். ஆனால் உங்களுக்கு அவ்வளவு ஆழத்துப் பொறுப்பு தேவையும் இல்லை. நரகத்துக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதற்குத்தான் அது வேண்டும். ஏலச்சீட்டுப் பணத்தை யார் திருப்பிக் கட்டுவது, இனி அவரிடம் பணம் கொடுத்தனுப்பலாமா என்பதற்கு அதைவிடச் சாதாரணமான பொறுப்பே போதும்.

அந்தச் சாதாரணப் பொறுப்பை எதை வைத்து அளப்பது? ‘வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா’ என்று நீங்கள் கேட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஹாரி பிராங்க்பர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1969-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தக் கேள்வியே சரியான அளவுகோல்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. நம் பக்கத்து உதாரணமாகவே வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலை அவர் “இன்னைக்கு வாங்க மாட்டேன்” என்று தானாக முடிவெடுத்து, அன்று வாங்காமல் திரும்புகிறார். அன்று கேரளத்தில் ஹர்த்தால், எல்லையில் ஒரு கடையும் திறக்கவில்லை. அவருக்கு அது தெரியாது, நிற்காமலே வந்துவிட்டார். அன்று வாங்க அவருக்கு வழியே இல்லை. ஆனாலும் வாங்காமல் இருந்த பெருமை அவருடையதுதானே? இதைத் திருப்பிப் போட்டாலும் அப்படியே: வேறு வழி அடைபட்டிருந்ததா என்பதைவிட, எதனால் அப்படிச் செய்தார் என்பதே எடைபோட உதவும்.

பிராங்க்பர்ட் 1971-ல் இன்னொரு வேறுபாட்டைச் சொன்னார்; உங்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும். டிக்கெட் வாங்கும் ஆசை ஒன்று. அந்த ஆசை எனக்கு இருக்கலாமா, அது என்னை இழுத்துக்கொண்டு போகலாமா என்பதைப் பற்றிய ஆசை இன்னொன்று. இந்த இரண்டாவது அடுக்கை வைத்து அடிமைப்பட்டவர்களைப் பிரிக்கலாம். ஒருவர் வாங்குகிறார், வாங்குவதை விரும்பவும் செய்கிறார். இன்னொருவர் வாங்குகிறார், ஆனால் இந்த ஆசையே ஒழிந்தால் தேவலை என்று நினைக்கிறார், தோற்றுப்போகிறார். மூன்றாமவருக்கு இரண்டாவது அடுக்கே கிடையாது. எது இழுக்கிறதோ அதன் பின்னால் போகிறார். வெளியில் பார்த்தால் மூவரும் அதே கடையில் அதே டிக்கெட்டைத்தான் வாங்குகிறார்கள். முதலாமவரிடம் வாதம் பண்ணலாம். இரண்டாமவருக்குத் திட்டு கொஞ்சமும் உதவாது, கைகொடுக்க வேண்டும். மூன்றாமவரிடம் பணம் போகாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் கொழுந்தனார் எந்த வகை என்பதை அவர் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில அடையாளங்களைப் பாருங்கள். டிக்கெட்டை ஒளித்து வைக்கிறாரா? வாங்காத நாளில் நிம்மதியாக இருக்கிறாரா, இல்லை எரிந்து விழுகிறாரா? தானாகவே எப்போதாவது பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாரா? அப்படி ஒரு தடவை போயிருந்தாலும் அவர் இரண்டாமவர். ‘மூளை முடிவு பண்ணுது’ என்ற பேச்சைக்கூட நான் அப்படித்தான் படிப்பேன். முழு மனசோடு வாங்குகிறவர் சமாதானம் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

தத்துவவாதிகள் ஜான் பிஷரும் மார்க் ரவிசாவும் 1998-ல் சொன்ன அளவுகோலும் வீட்டுக்கு ஏற்றது: தகுந்த காரணம் வந்தால் அந்த ஆள் மாறி நடப்பாரா? வண்டி முதலாளி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரும் நாளில் அவர் கடையில் நிறுத்துவதில்லை என்றால், அவருக்குள் காரணத்துக்குச் செவிசாய்க்கும் சக்தி இருக்கிறது. ஆனால் ஒரே ஒருநாளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மறுநாள் தனியாகப் போகும்போது விட்டதற்கும் சேர்த்துப் பத்து டிக்கெட் வாங்குகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த ஒருநாள் அடக்கம் வெறும் ஒத்திவைப்பு. சக்தி இருக்கிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது.

ஏன் பலவீனமாகிறது என்பதற்குத் தலையெழுத்து வேண்டாம், டிக்கெட்டின் அமைப்பே போதும். கணக்கைப் பார்ப்போம். கேரளத்தின் வார லாட்டரி (ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று) முழுதாக அச்சானால் பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் 1,00,000 முதல் 9,99,999 வரை எண்கள். மொத்தம் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். தினம் ஒரு டிக்கெட் வாங்கினால் முதல் பரிசு சராசரியாக ஏறத்தாழ 29,600 ஆண்டுக்கு ஒரு தடவை வரும். தினம் ஐந்து வாங்கினாலும் ஏறத்தாழ 5,900 ஆண்டு. டிக்கெட் 50 ரூபாய் என்றால் ஐந்துக்கு நாளைக்கு 250, இருபத்தைந்து நாளில் 6,250 ரூபாய். இதைச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். கணக்கு தெரியாததால் யாரும் வாங்குவதில்லை.

இழுப்பது கடைசி நாலு இலக்கம். சின்னப் பரிசுகள் அதை வைத்து விழுகின்றன. மத்தியானம் மூன்று மணிக் குலுக்கல் முடிந்து முடிவு வந்ததும், 4417 என்று விழுந்திருக்கும், கையில் இருப்பது 4471 ஆக இருக்கும். கணக்குப்படி அது முழுத் தோல்வி. மனசு அதைக் ‘கிட்டத்தட்ட’ என்று படிக்கிறது. 2009-ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் சூதாட்ட எந்திரம் போன்ற ஒரு விளையாட்டில் பார்த்தது இதைத்தான்: மயிரிழையில் தவறிய ஆட்டம் ஆளுக்கு எரிச்சலைத் தருகிறது, அதோடு மறுபடி ஆடும் ஆசையையும் கூட்டுகிறது, வெற்றிக்கு வேலை செய்யும் மூளைப்பகுதியே அங்கேயும் வேலை செய்கிறது. இழக்க இழக்கக் காதல் கூடும் என்று 940-ஆம் குறள் சொல்வதை எந்திரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, டிக்கெட்டைத் தானே பொறுக்குவது. உளவியலாளர் எலன் லாங்கர் 1975-ல் வெளியிட்ட சோதனையில் அலுவலக ஊழியர்களிடையே ஒரு டாலர் லாட்டரி நடத்தினார். பாதிப் பேர் டிக்கெட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கையில் கொடுத்தார்கள். குலுக்கலுக்கு முன்னால் என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டதில், கொடுக்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி 1.96 டாலர், தேர்ந்தெடுத்தவர்கள் சொன்னது 8.67 டாலர். கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் கடைக்காரர் டிக்கெட் கட்டை விரித்துக் காட்டுவதும், ஆட்கள் கூட்டுத்தொகை பார்த்து, வண்டி நம்பர் பார்த்துப் பொறுக்குவதும் இந்த மயக்கத்துக்குத் தீனி. வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு 2023 திருவோணம் பம்பர் 25 கோடி விழுந்தது, வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர் என்ற செய்தி எல்லைக் கடைகளில் இன்னும் பேச்சில் இருக்கிறது. விழாத லட்சக்கணக்கான டிக்கெட்டுகளுக்கு இப்படிச் செய்தி வருவதில்லை.

இடையில் ஒரு மருத்துவ விஷயம், இதைத் தவறவிடாதீர்கள். பார்க்கின்சன் நோய்க்கும் இரவில் கால் அமைதியின்றி உதறும் நோய்க்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் கொடுப்பார்கள். அவை சிலருக்கு அதுவரை இல்லாத சூதாட்ட வெறியை உண்டாக்குகின்றன. மருந்தைக் குறைத்தால் அல்லது மாற்றினால் பெரும்பாலும் போய்விடுகிறது. வீட்டில் யாருக்காவது நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று இந்தப் பழக்கம் வந்தால், திட்டுவதற்கு முன் மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவருக்கு நான் பொறுப்பை ஏறக்குறைய முழுதாகத் தள்ளிவிடுவேன். ஆசை அவருடைய வாழ்க்கையிலிருந்து வளரவில்லை. வெளியிலிருந்து, அவருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது.

‘தெரியாமல்’ என்பதுதான் இங்கே திருப்பம். சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 85, போதையில் தன்னிலை இழந்தவர் செய்ததை மன்னிக்கிறது. ஆனால் அந்தப் போதை அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தானே கள்ளுக்கடைக்குப் போய்க் குடித்தவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அரிஸ்டாட்டில், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை என்ற கிரேக்கச் சட்டத்தைச் சொல்லி, காரணத்தையும் சொல்கிறார்: குடிக்காமல் இருப்பது அவர் கையில் இருந்தது. செயலின் கணத்தில் பிடி நழுவியிருந்தாலும், பிடி இருந்த முந்தைய கணத்துக்குப் போய் அங்கே பொறுப்பைக் கட்டுவது இது. உங்கள் கொழுந்தனார் விஷயத்தில் அந்த முந்தைய கணம் தெளிவாகவே இருக்கிறது. கடை முன்னால் தனக்கு என்ன ஆகும் என்பது அவருக்குப் பல மாத அனுபவத்தில் தெரியும். தெரிந்தும் அடுத்தவர் பணத்தை அந்தப் பையில் வைத்துக்கொண்டு அந்த வழியே போனார். தன் கூலியில் டிக்கெட் வாங்கியதைப் பலவீனம் என்று சொல்லலாம். ஏலச்சீட்டுப் பணம் நம்பிக்கைத் துரோகம். இரண்டையும் ஒரே குற்றமாகக் கட்டிப் பேசினால், அவர் முதலாவதற்கான சமாதானத்தை எடுத்து இரண்டாவதையும் மூடிவிடுவார். இப்போது அதைத்தான் செய்கிறார்.

இனி எப்படிக் கோபப்படுவது. பீட்டர் ஸ்ட்ராசன், மேலே சொன்ன கேலனின் தந்தை, 1962-ல் எழுதியதில் இரண்டு மனநிலைகளைப் பிரித்தார். ஒன்றில், அவரை நமக்குச் சமமான ஆளாக வைத்துக் கோபப்படுகிறோம், வருந்துகிறோம், மன்னிக்கிறோம். இன்னொன்றில், அவரைச் சமாளிக்க வேண்டிய ஒரு சிக்கலாகப் பார்க்கிறோம்: பூட்டு, மருந்து, கண்காணிப்பு. “அவனுக்கு ஒண்ணும் சொல்லாத, அவன் அப்படித்தான்” என்று மாமியார் சொல்வது பாசம் போலத் தெரிந்தாலும் இரண்டாவது மனநிலை. மகனை ஆள் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. கோபப்படுகிற நீங்கள்தான் அவருக்கு அதிக மரியாதை தருகிறீர்கள். ஆனால் முழுக்க முதலாவதிலேயே நின்றாலும் உருப்படாது. ஏலச்சீட்டுப் பணத்துக்கு முதல் மனநிலை, கடை முன்னால் நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு இரண்டாவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி: அதை நீங்களோ உங்கள் கணவரோ சத்தமில்லாமல் அடைத்துவிடாதீர்கள். தவணையைத் தற்போதைக்கு நீங்கள் கட்ட வேண்டிவந்தாலும், அவர் கூலியிலிருந்து வாரா வாரம் ஒரு சிறு தொகையாக உங்களிடம் திரும்பி வரட்டும். கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. தொகையைவிட, தான் செய்தது என்று ஏற்றுக் கட்டுவதில்தான் பொறுப்பு இருக்கிறது.

கடையைப் பற்றி: மனசு சூடாக இருக்கும் இடத்தில் உறுதி எடுக்கச் சொல்வதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கெட் பேச்சு இல்லாத நேரத்தில், அவரே ஒப்புக்கொண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். இளநீர் வாங்கும் வியாபாரி கூலியைக் கையில் கொடுக்காமல் அவர் மனைவியின் கணக்கில் போடட்டும். வண்டியில் போகும்போது டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பணம். கைபேசியில் பணம் அனுப்பும் செயலி இருந்தால் அதற்கு நாள் வரம்பு. எல்லைக் கடைகளில் அதிலும் வாங்குகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வழியை மாற்றுவது அநேகமாக வேலைக்கு ஆகாது. கோபாலபுரம் வேண்டாமென்று மீனாட்சிபுரம் வழியே வந்தாலும் அங்கேயும் கடைதான். மூன்று மணிக்கு மேல் திரும்பச் சொல்வதும் பயன்படாது, மறுநாள் டிக்கெட் கையில் இருக்கும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய முறை இதைவிட நல்லது: ‘இனி வாங்க மாட்டேன்’ என்ற பொது உறுதிக்குப் பதில், ‘எல்லைக்கு முன்னால் டீ குடிக்கத் தோன்றினால், தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகுதான் நிறுத்துவேன்’ என்று இடமும் செயலும் சேர்த்துக் கட்டிய ஒரே வாக்கியம். ஆசை ஏறி உச்சம் தொட்டு இறங்கப் பொதுவாக அந்தப் பயண நேரமே போதும்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஒரு நியாயம் தேவை. அவர் சம்மதிக்காமல் நீங்கள் பூட்டினால் அது அடைத்துவைப்பது. அவரே சம்மதித்து, மூன்று மாதம் என்று காலம் குறித்து, நடுவில் அவர் கெஞ்சினாலும் தளர்த்தக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்தால், அது அவருடைய இரண்டாவது அடுக்கு விருப்பத்துக்கு நீங்கள் காவல் இருப்பது. காலம் குறிக்காத கட்டுப்பாடு இரண்டு வாரத்தில் வெறும் அடைத்துவைப்பதாக மாறிவிடும். பெரும்பாலான வீடுகளில் இது உடைவது இங்கேதான். கேரள டிக்கெட்டை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, அதே முடிவின் கடைசி மூன்று எண்ணுக்குப் பணம் கட்டும் ‘மூன்று நம்பர்’ ஆட்டத்துக்குப் போகிறாரா என்றும் கவனியுங்கள். அது சட்டவிரோதம், கடனுக்கும் எழுதுவார்கள், ஆழமும் அதிகம். மூன்று மாதத்தில் பிடி வரவில்லை என்றால் இது அறிவுரைக்கு அடங்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. சூதாட்ட நோய் என்பது 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் போதை அடிமைத்தனங்களோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

அரசுகளின் பங்கை விட்டுவிட முடியாது. கேரளம் 1967-ல் லாட்டரியைத் தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது; அன்று டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. ஒரே ஆள் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் காப்பாற்றப்பட வேண்டியவர், அந்தப் பக்கம் வாடிக்கையாளர். பலவீனமானவர்களிடமிருந்தும் வருமானம் வரும் என்று தெரிந்தே விற்கிற அரசுக்கு அந்த இழப்பில் பொறுப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பொறுப்பு பாகப்பிரிவினைச் சொத்து அல்ல. அரசுக்குப் பங்கு கூடினால் கொழுந்தனாருக்குக் குறையும் என்ற கணக்கு இதில் இல்லை. இரண்டு பேரும் முழுதாகப் பொறுப்பாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் எப்படியும் வீட்டில் எழப்போகிற ஒரு கேள்வி மிச்சம். நாளைக்கே ஒரு டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் விழுந்து, அவர் ஏலச்சீட்டுப் பணத்தை இரண்டு மடங்காகக் கொண்டுவந்து கொடுத்தால்? மாமியார் கற்பூரம் ஏற்றுவார். உங்கள் கோபமும் பாதி போய்விடும். தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் இதைத்தான் தர்மத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்று விவாதித்தார்கள்: ஒரே செயல், விளைவு மட்டும் வேறு, தீர்ப்பு தலைகீழ். விளைவு உங்கள் நஷ்டத்தை மாற்றும், அவரைப் பற்றிய மதிப்பீட்டை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. பணம் எடுத்த காலையில் அவருக்குத் தெரிந்தது என்னவோ, அதே 1 கோடியே 8 லட்சத்தில் ஒன்று என்ற கணக்குதான். பரிசுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கடன் தீர்ந்தது என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதத் தவணையை மட்டும் அவர் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே போய்க் கட்டிவிட்டு வாருங்கள்.